மூன்றாவது பெயர்

கலெக்டர் ஆபீஸில் மூன்று பெயர் எழுதிக் கொடுத்தோம்.
'செங்கனல்': யாரோ வைத்திருந்தார்கள்.
'உழைப்போர் முரசு': யாரோ நடத்தி நிறுத்தியிருந்தார்கள்,
பெயர் மட்டும் உயிரோடு இருந்தது.
மூன்றாவது கட்டம் காலியாகக் கிடக்கக் கூடாதென்று
அய்யந்துரை கிறுக்கிய
'சில்லறை'
டெல்லியிலிருந்து முத்திரையோடு வந்தது.

செவ்வாய்ப்பேட்டையில்
கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம்.
முகூர்த்தம் இல்லாத ஆடியில் மிஷின் எங்களுக்கு.
மெகருன்னிசா அச்சுக் கோத்தாள்.
"உங்க எழுத்துல 'ழி' ரொம்பச் செலவாகுது" என்றாள்.
அவள் பெட்டியில் இருந்தவை பதினாறு.
கல்யாணத்துக்கு அது போதும்.
தொழிலாளி, தொழிற்சங்கம், விழிப்பு, ஒழிக, ஒழிக:
முதல் பக்கம் முடியுமுன் பெட்டி காலி.

'ஒழிக'வையெல்லாம் எடுத்தோம்.
எடுத்தபின் கட்டுரை
மளிகைக் கணக்குச் சொல்வதுபோல் ஆகிவிட்டது.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் டன்னுக்கு எவ்வளவு,
நெஞ்சுக்குள் போன தூளுக்கு எவ்வளவு.
அதை அப்படியே விட்டோம்.

கந்தாயி ஜவ்வரிசி ஆலைக்காரி.
புளித்த மாவுத் தண்ணீரில் நின்று நின்று
விரலிடுக்கு வெளுத்ததைச் சொன்னாள், நான் எழுதினேன்.
வாசித்துக் காட்டியதும்
"இவ்ளோ அழகா நான் பேசலையே" என்றாள்.
கிழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் வந்தது.
ஒருவர் "யார் பணம்?" என்றார்.
இன்னொருவர் "எங்க பணம் வேண்டாமா?" என்றார்.
கந்தாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து
மேசையில் கொட்டினாள்.
எட்டணா, நாலணா, தேய்ந்த அஞ்சு பைசா.
எண்ணி முடிக்கும்வரை இருவரும் நிற்கவில்லை.

விலை இருபத்தைந்து பைசா. முந்நூறு பிரதி.
ஏற்காடு பஸ் கண்டக்டர் அங்கமுத்து
மீதிக் காசு கேட்டவர்களுக்கெல்லாம்
"இந்தாங்க சில்லறை" என்று இதை நீட்டினார்.
பத்தாவது கொண்டை ஊசி வளைவுக்குள்
நாற்பது போய்விட்டது.
ஒன்று, காபி எஸ்டேட் மேனேஜருக்கும்.

பத்தாம் நாள் மெமோ:
'பயணிகளுக்குச் சில்லறைக்குப் பதிலாகச்
சில்லறை கொடுத்தது ஏன் என விளக்கவும்.'
அங்கமுத்துவுக்கு எட்டு நாள் சம்பளம் போயிற்று.
அதற்கும் வசூல் செய்தோம்,
பாதிதான் சேர்ந்தது.

ஆவணியில் முகூர்த்தம் தொடங்கிவிட்டதால்
ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் மிஷின்.
இரண்டாம் இதழின் அட்டைக்கு
மெமோவையே கொடுத்தோம்.
மெகருன்னிசா விரலால் தடவி
ஒருமுறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள்.
"இதுல ஒரு 'ழி' கூட இல்ல" என்றாள்.
"பதினாறும் உள்ளே இருக்கு.
இப்ப எழுதுங்க."