பதினேழுக்கு மூன்று

இரவுத் தபால் ரயில் தாமதமாகும் வேளையில்தான்
என் அணி விளையாடும்.
ஹட்டன் ஸ்டேசன் வாசலில் ஐந்து ஓட்டோ,
என்னுடையது நான்காவது.
கண்ணாடியெல்லாம் பனி.
மடியில் கைப்பேசி. அதற்குள்
எவரும் கட்டாத ஓர் அரங்கில்
பந்தே இல்லாமல் ஒரு கூடைப்பந்தாட்டம்.

படம் கிடையாது. எழுத்துத்தான் ஓடும்.
கொவாச் எறிகிறான். தவறுகிறது.
கொவாச் எறிகிறான். வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது.
கொவாச்
என்றதும் டேட்டா நின்றுபோய்
திரும்பி வந்து பார்த்தால்
இன்னும் ஒன்றைத் தவறவிட்டிருந்தான்.

ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த விளையாட்டுக் காசில்
வாங்கியவன்.
குதித்தெறிதல் பதினாறு. தூர எறிதல் பதினைந்து.
என் தங்கச்சிக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட
இவ்வளவு நேரம் எண்களை நான் பார்க்கவில்லை.
முதல் ஆட்டத்தில்
பதினேழு எறிந்து மூன்று.
பண்டாரவளை பார்மசியிலிருந்து மிஸ்பாஹ்
சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினான்.
ஒன்றே ஒன்று.
அவன் சிக்கனக்காரன்.

பெட்ரோல் கணக்குக் கொப்பியைத் திருப்பி
பின் தாளிலிருந்து எழுதத் தொடங்கினேன்.
முன்னால் லிட்டர், கிலோமீட்டர், லீசிங் தவணை.
பின்னால்
பந்தை யார் கொடுத்தான், யார் மறித்தான்,
எறியும்போது எத்தனையாவது நிமிடம்.
இரண்டும் சந்திக்கப் பதினொரு தாள் மிச்சம்.

ஒன்பதாவது ஆட்டத்தில் பிடிபட்டது.
கொவாச்சின் கைக்குப் பந்து வரும்போது
இருபத்துநான்கு விநாடியில் இருபத்தொன்று போயிருக்கும்.
இரண்டு கைகள் முகத்துக்கு நேரே உயர்ந்திருக்கும்.
எறியாமல் இருக்க முடியாததால் எறிகிறான்.
பந்தைக் கொண்டு வருபவனுக்குக் கடத்தல் ஐந்து.
வளையத்தடியில் நிற்கும் நெட்டையனுக்கு
உள்ளெறிதல் நான்கு.
அவனை யாரும் காவல் காப்பதில்லை,
மிஞ்சிய காவலெல்லாம் கொவாச்சைச் சுற்றி.
கடைசிக் கால்பகுதியில் மூச்சும் போய்விடும்,
அதற்கும் ஓர் எண் இருந்தது,
வாங்கும்போது நான் பார்க்காத எண்.
ஐந்தும் நான்கும் மூச்சும் கழித்து
பதினாறில் ஏதும் மிஞ்சினால்
அதுதான் கொவாச்.

பெர்க்குக்கு வயது முப்பத்துநாலு.
குதித்தெறிதல் இரண்டு. கடத்தல் பதினேழு.
ஏலத்தில் அவனை யாரும் கேட்கவில்லை.
ஒரு பிளேன்டீ விலைக்கு வந்தான் என்று வையுங்கள்.

நேற்று
கொவாச் எறிகிறான். விழுகிறது.
பெர்க்கிடமிருந்து கொவாச்சுக்கு. விழுகிறது.
பதினேழுக்குப் பதினொன்று.
கொவாச்சின் எண்களில் ஒன்றும் மாறியிருக்கவில்லை,
மூன்று முறை பார்த்துவிட்டேன்.
பெர்க்கின் பெயருக்கு நேரே
ஒன்றுக்குப் பூச்சியம்.

சிரிக்கும் முகம் வரவில்லை.
பெர்க்கைக் கேட்டு ஒரு விலை வந்தது,
மிஸ்பாஹிடமிருந்து,
காலை ஆறு மணிவரை செல்லுபடி.
ஒரு கொவாச்சை வாங்கக்கூடிய விலை.
ஆமா, இல்லை என்ற இரண்டு பொத்தான்களில்
விரல் முடிவெடுக்க முன்
ரயில் ஊதிவிட்டது.

கொழும்பிலிருந்து வந்த பையன் ஒருவன்,
ஒரு சூட்கேஸ், ஓர் அரிசிக் குக்கர் பெட்டி.
மேல் டிவிசன், அண்ணே.
இருநூறு சீசீ என்று கம்பெனி எழுதியிருக்கிறது,
கல் பெயர்ந்த ஏற்றத்தில், மழையில்,
ஆளும் பெட்டியுமாக
அது எத்தனை சீசீ என்று எவரும் எழுதுவதில்லை.
மூன்றாவது வளைவில் வண்டி திணறியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனாக இறங்கினான்.
குக்கர் பெட்டியைத் தோளில் வைத்து
பின்விளக்கு வெளிச்சத்தில் நடந்து வந்தான்,
வண்டி ஏறி முடிக்கும்வரை.

இறக்கிவிட்டுக் கொப்பியை எடுத்தேன்.
மணி நாலு நாற்பது.
பேனா இருக்கிறது.
முன் பக்கமா பின் பக்கமா என்றுதான்
தெரியவில்லை.