வேம்புக்கு ஏழு எழுத்து

கடலூர் முதுநகரில்
மீன் வண்டி திரும்பும் முனையில்
ஜெராக்ஸும் போட்டோவும் சேர்ந்த கடை.
ஒரே கணினி.
காலையில் முகங்கள், மாலையில் கணக்கு.
இரண்டையும் பிழை விட்டுத்தான் கற்றேன்.
முதலாளி சர்புதீன் சம்பளத்தில் பிடித்த நூற்றைம்பதைப்
படிப்புக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பின்னணி.
நீலத் திரைக்கு முன்னால் நீலச் சேலைக்காரியை உட்காரவைத்தால்
மந்திரக்கோல் சேலையையும் சேர்த்துத் தின்னும்.
முடியோரத்தைக் கொஞ்சம் மெத்தென்று விடணும்,
இல்லாவிட்டால் ஆள்
காலண்டரிலிருந்து கத்தரித்த சாமி மாதிரி நிற்பார்.

அப்புறம் குளோன் ஸ்டாம்ப்.
ஆல்ட்டை அழுத்தியபடி
கன்னத்தில் ஒரு சொட்டுத் தோல் எடு,
வேண்டாத இடத்தில் வை.
மூன்று நாள் என்னால் நிறுத்த முடியவில்லை.
பருவை எடுத்தேன், அம்மைத் தழும்பை எடுத்தேன்,
இறால் கம்பெனி மேனேஜரின்
இரண்டாவது தாடையை எடுத்தேன்.
அவர் நான்கு பிரதி கூடுதலாக வாங்கினார்.

சோனங்குப்பத்து வேம்பு வந்தது அந்த வாரம்தான்.
மீன் விற்கும் பெண்கள் சங்கத்து அட்டைக்குப் படம்.
இடது புருவத்தை இரண்டாக்கிப் போகும் ஒரு வெட்டு.
கேட்காமலே சரிசெய்தேன்.
அச்சை வெளிச்சத்தில் பிடித்து
"இது யாரு?" என்றாள்.
"நீங்கதான்."
"அட்டையில அடையாளம்னு ஒரு வரி இருக்கு.
அதுல இந்த வெட்டத்தான் எழுதியிருக்கான்.
ஐஸ் பொட்டித் தகரம் கிழிச்சது.
அத எடுக்க நீ யாரு?"

கன்ட்ரோல் இசட்.
கன்ட்ரோல் இசட்.
மூடித் திறந்த கோப்புக்கு
நேற்று என்று ஒன்று கிடையாது.
மறுபடி உட்காரவைத்தேன். இந்த முறை
அவள் சிரிக்கவில்லை.
படம் நன்றாகத்தான் வந்தது.
அன்றிலிருந்து எந்த முகத்தைத் திறந்தாலும்
முதலில் ஒரு நகல் லேயர்,
அடியில் மூலம், பூட்டுப் போட்டபடி.

சித்திரையில் தடைக்காலம்.
உப்பனாற்றில் படகுகள் தோளுரசி நின்றன.
சங்கத்துப் பட்டியலில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
வங்கிப் பட்டியல் வேறு.
ராத்திரிக்குள் பொருத்தித் தரணும்.

விலுக்கப் எனக்குப் புதுசு.
டாலர் குறி போடாமல் இழுத்தேன்.
நங்கூரமில்லாத தோணியாய்
வரிக்கு வரி கீழே நழுவியது அட்டவணை.
எஃப் நான்கைத் தட்டினேன். நின்றது.
கடைசி இடத்தில் பூஜ்யம் என்றால் அதே பெயர்,
ஒன்று என்றால் ஏறக்குறைய.
ஏறக்குறையவையும் போட்டுப் பார்த்தேன்:
அஞ்சலாட்சிக்கு
அஞ்சம்மாளின் கணக்கு எண் வந்தது.
அவசரமாகப் பூஜ்யத்துக்குத் திரும்பினேன்.

முப்பத்தொரு பேர் இல்லை என்றது கணினி.
அதில் ஒருத்தி வேம்பு.
இங்கேயும் வேம்பு, அங்கேயும் வேம்பு,
கண் சத்தியம் செய்கிறது,
பெட்டி மறுக்கிறது.

லென் போட்டு எண்ணினேன்.
வே, ம், பு. நமக்கு மூன்று.
கொம்பையும் புள்ளியையும் சுழியையும்
தனித்தனியே எண்ணும் அதற்கு ஆறு.
வந்ததோ ஏழு.

ஏழாவது,
யாரோ பெயரை அடித்து முடித்து
டீ வந்த சந்தோஷத்தில்
கட்டைவிரலால் தட்டிவிட்ட வெற்றிடம்.

டிரிம்.
இருபத்தேழு பேர் கரையேறினார்கள்.
மிச்சம் நான்கு பேருக்கு எந்த வித்தையும் எடுபடவில்லை,
போன் போட்டுக் கேட்டேன். ஒருவர் தூங்கியிருந்தார், திட்டினார்.

மறுநாள் காலை வேம்பு வந்தாள்,
புருவத்து வெட்டோடு.
ராத்திரி நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.
அட்டையை இரண்டு ஜெராக்ஸ்.
நான்கு ரூபாய். சில்லறை இல்லை, எழுதிக்கோ என்றாள்.

கடன் பட்டியலைத் திறந்து பெயரைத் தட்டினேன்.
அவள் படியிறங்கிய பிறகு
கர்சரை வரியின் கடைசிக்கு ஓட்டி
பின்னால் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்தேன்.