புளிச்சைக் கொட்டகை

பூ சர்பத் ஒரு போத்தல் என்கிறார்கள்.
துடைத்து நீட்டுகிறேன். திருத்துவதில்லை.
பூ போய் மூன்று வாரமாயிற்று என்று
வெயிலில் நிற்கிறவரிடம் எதற்குச் சொல்வது.

மோல்மீனுக்குத் தெற்கே, முடோன் சாலையில்
புளிச்சைக் கொல்லை. பர்மிய வாயில் சின்பவுங்.
ஐப்பசி விடிகாலையில் போய்ப் பார்த்திருக்கிறேன்.
மொட்டின் மேல் ஐந்து புல்லிகள்
ஓரத்தோடு ஓரம் முட்டி நிற்கும்,
ஒன்றின் மேல் ஒன்று ஏறாது,
தாழிட்ட கதவின் பலகைகள் போல.
உள்ளே ஐந்து அல்லிகளோ
ஒருத்தி முந்தானை அடுத்தவள் தோளில் கிடக்க
ஒரே பக்கமாய்த் திருகி உறங்கும்.
எல்லாவற்றுக்கும் கீழே
மெல்லிசாய் இன்னொரு வரிசை, புறப்புல்லி.
எத்தனை என்று யாரும் கேட்டதில்லை.
நான் எண்ணினேன். ஒன்பது.

புல்லி, அல்லி:
அப்பாவின் தகரப்பெட்டியில்
அட்டை போன பாடப்புத்தகத்தில் கிடைத்த சொற்கள்.
சொல்லிப் பார்க்க ஆளில்லாமல்
செடியிடமே சொல்லிப் பார்த்தேன்.

ஏழு மணிக்குள் திருகு அவிழும்.
வெளிர் மஞ்சள்.
தொண்டையில் மட்டும் கருஞ்சிவப்பு,
இங்கே உட்கார் என்று வண்டுக்கு வைத்த பொட்டு.
உச்சி வெயில் தாண்டினால்
பிழிந்த கைக்குட்டையாய்ச் சுருண்டு
மறுநாள் செருப்பில் ஒட்டும்.
அல்லியின் உத்தியோகம் அவ்வளவுதான்.
அரை நாள். பென்ஷன் கிடையாது.

காவலுக்கு வந்த புல்லி
காவல் முடிந்தும் போவதில்லை.
தடிக்கிறது. சதை வைக்கிறது.
காயைக் கட்டிக்கொண்டு
யாரைக் கவரவும் அவசியமில்லாத பருவத்தில்
அப்படிச் சிவக்கிறது.

டோ ஓன் சீயின் கொட்டகையில்
இரும்புக் குழாயைக் காம்படியில் வைத்து அழுத்தினால்
விதைக்காய் அந்தப் பக்கம் தெறித்து விழும்.
கையில் ஒரு காலிச் சிவப்புக் கிண்ணம்.
வீசைக்குக் கூலி.
வாளிக்குள் நாள் முழுக்க அந்தச் சத்தம்,
டொக், டொக்,
பிறகு காது கேட்பதை நிறுத்திக்கொள்ளும்.

பள்ளிப் பதிவில் நான் மா கின் ஸான்.
அந்த வருஷங்களில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்,
குழந்தைக்கு வெளியே போட ஒரு பெயர்,
மழைக்கோட்டு மாதிரி.
உள்ளே அலர்மேலு.
அலர் என்றால் விரிந்த பூவாம்.
அப்பா யோசித்து வைத்ததில்லை,
கோயிலில் சொன்ன முதல் எழுத்து அ.

அந்தப் பெயரைக் கூப்பிட மூன்று பேர் இருந்தார்கள்.
அம்மா ஒரு மழைக்காலம்.
அப்பா அதற்கடுத்த மழைக்காலம்.
தம்பி எல்லை தாண்டி மே ஸோட்டில்,
மீன் டப்பா அடைக்கிற வேலை.

போன வியாழன் போன் வந்தது.
சம்பளம் தள்ளிப்போகிறது, முதுகு வலிக்கிறது,
அங்கேயும் இந்தக் கீரை கிடைக்கிறது,
ஆனால் புளிப்பு பத்தாது.
எல்லாம் பர்மியத்தில்.
கடைசியில், உடம்பைப் பார்த்துக்கொள்
கின் ஸான் அக்கா என்றான்.

அவன் கவனிக்கவில்லை.
நான் திருத்தவில்லை.

இன்று ஒன்றை மட்டும்
குழாயில் குத்தாமல் கத்தியால் பிளந்தேன்.
காய் உட்கார்ந்திருக்கிற அடியில்
நூல் கட்டி அவிழ்த்தாற்போல் ஒரு வளையம்.
அல்லி நின்ற இடம்.
கண்ணுக்குப் பிடிபடவில்லை,
நகம் வைத்தால் தட்டுகிறது.
சுற்றிலும் புல்லி,
கனமாய், குளிர்ச்சியாய்,
யாருடைய உறையும் இல்லாத மாதிரி.

ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டேன்.

மா கின் ஸான், எடை குறையப் போகிறது!
டோ ஓன் சீ கத்தினார்.

ஷின், என்றேன்
நாக்கின் ஓரமெல்லாம் கூச.