கதவுக்குப் பின்னால் ஆணி வேண்டாம்

பழங்காநத்தத்தில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று
வாடகை, அட்வான்ஸ், கார்ப்பரேஷன் தண்ணீர் எல்லாம் பேசிவிட்டுக்
கடைசியாய் ஒன்று கேட்டேன்:
கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியைப் பிடுங்கிக்கொள்ளலாமா?
வீட்டுக்காரர் சிரித்தார்.
அடிப்பதற்குத்தான் எல்லோரும் அனுமதி கேட்பார்களாம்.

நாகஜோதிக்குப் பதினோரு வருஷமாய் இதே வழக்கு.
துண்டை எங்கே போட, குடையை எங்கே மாட்ட?
நைட்டி, யூனிபார்ம், மஞ்சப்பை
எல்லாம் ஒரே நாற்காலி முதுகில்.
"உங்க வீட்ல சாவிகூடப் படுத்துத்தான் கெடக்கணுமா?"
பதில் சொன்னதில்லை.
அவள் பரணில் டப்பா எடுக்கக் கையைத் தூக்கினால்
என் தலை தானாய் ஒதுங்கும்.
முதல் வருஷம் சிரித்தாள்.
இப்போதெல்லாம் கையைத் தூக்கும் முன் லேசாய் இருமுகிறாள்.

ஹார்விப்பட்டியில் எங்கள் கதவுக்குப் பின்னால்
அய்யாவின் ஆணி.
மில்லில் கழித்துப் போட்ட மிஷின் பெல்ட், ஒன்றரை முழம்,
ஓரம் நைந்து நூல் பிரிந்தது.
பகலில் சும்மா தொங்கும்.
அம்மா அந்த ஆணியில் வேறெதையும் மாட்டமாட்டாள்,
யாரோ உட்கார்ந்திருக்கிற இடம் மாதிரி.
ராத்திரி ஷிப்ட் முடிந்து
வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு தட்டும் சத்தத்துக்கு
அண்ணனும் நானும் தூங்குகிற மூச்சு விடுவோம்.
அது எனக்கு அத்துப்படி:
உள்ளே சின்னதாய், வெளியே நீளமாய்.
எதற்கு அடித்தார்?
ஒரு தடவை பால் பொங்கியதற்கு.
நான் அடுப்படியிலேயே இல்லை.

லோகித் பிறந்த அன்று
பெரியாஸ்பத்திரி வராந்தாவில், யாரும் கேட்காமலே,
சத்தியம் செய்தேன்: இந்தக் கை இவன்மேல் விழாது.
விழவில்லை. ஒன்பது வருஷம்.
அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்,
டீக்கடையில், கல்யாணப் பந்தியில்.
மகளை அடித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு
போனில் அழுத அண்ணனிடமும் சொன்னேன்.

போன சனிக்கிழமை பந்து பட்டு
வண்டிக் கண்ணாடி உடைந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சனி ராத்திரி சொல்லவில்லை,
ஞாயிறு முழுக்கச் சொல்லவில்லை.
கறிக்குழம்பை அவன் பக்கம் தள்ளினேன், பார்க்காமல்.
நாகஜோதி உப்புப் பார்த்தாள், என் முகம் பார்த்தாள்,
மறுபடியும் உப்புப் பார்த்தாள்.

திங்கள் சாயங்காலம் பைபாஸ் ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து
வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.
அதனால்தான் கேட்டது.
உள்ளே டிவி. அவன் சிரிக்கிறான்,
மூச்சு முட்ட, விக்கல் எடுக்க.
அவளும் சிரிக்கிறாள்.
நான் இல்லாத வீடு இப்படி இருக்குமா?
கொஞ்ச நேரம் வேர்வையோடு வாசலிலேயே நின்றேன்.
பிறகு ஸ்டாண்டு போட்டேன்.

டிவி நின்றது.
பாய் சரசரத்தது.
ஆறரை மணிக்குப் படுத்துவிட்டான் என் மகன்.
குனிந்து பார்த்தேன்.
உள்ளே சின்னதாய், வெளியே நீளமாய்.
யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவனுக்கு?

பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னான்:
"அடிச்சிருங்கப்பா. ஒரு தடவ.
அதோட முடிஞ்சிரும்ல."

தலையைத் தடவலாம் என்று கையை நீட்டினேன்.
அவன் தோள் காதுவரை ஏறியது.
எனக்குத் தெரிந்த தோள்தான்.
கையை எடுக்கத் தோன்றவில்லை, வைக்கவும் முடியவில்லை,
எங்கள் இருவருக்கும் நடுவில் பாயில் மல்லாக்கப் போட்டேன்.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
"கண்ணாடி இருநூத்தியெம்பது ரூவாடா.
நாளைக்கு சிம்மக்கல் போவோம்.
நீயே பாத்து எடு."

அவன் கண்ணைத் திறக்கவில்லை.
மூச்சு மட்டும் தாளம் தப்பியது.
நாகஜோதி டிவியை மறுபடி போட்டாள்,
சத்தத்தையும் கூட்டினாள்.
யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

துண்டு இன்னும் நாற்காலியில்தான் கிடக்கிறது.