மீளத் திற

உட்துறைமுக வீதி, ஐஸ் கொம்பனியின் மேல்மாடி.
கீழே கட்டி உடைக்கிற சத்தம்,
மேலே நான் கொண்டுவந்த சேர்வரின் விசிறிச் சத்தம்.
இரண்டும் குளிருக்காகத்தான்.

நாலு கிழமை ஒப்பந்தம்.
பேரேட்டை முழுசா உள்ளே ஏற்று,
பழக்கிக் கொடு, கையெழுத்து வாங்கு, வா
என்றுதான் கொழும்பில் சொல்லி அனுப்பினார்கள்.
றூட்டர் வந்த அட்டைப்பெட்டியை
முதல் நாளே வாசலில் வைத்து மான் தின்றது.
உத்தரவாதச் சீட்டும் அதற்குள்தான்.

சபூர்தீன் முதலாளிக்கு ஒரே கேள்வி:
கரண்ட் போனால் கணக்கு எங்கே போகும்?
முகிலில் இருக்கும் என்றேன்.
யன்னலால் எட்டிப் பார்த்தார்.
கச்சான் காலம். வானத்தில் ஒரு துண்டும் இல்லை.

கணக்கெழுதும் யோகமலர் எதுவும் கேட்கவில்லை.
பதினொரு பேரேட்டையும் அடுக்கித் தந்தா.
ஐஸ், டீசல், வலை, படகுப் பெயர், ஆள் பெயர்.
நாற்பத்தொரு பெயருக்கு எதிரே
சிவப்பு மையில் ஒரு 'க'.

கடன் என்று நினைத்தேன். எல்லாமே கடன்தானே.
கழிவாக்கும் என்று
அந்தப் பத்திக்குள் அடைத்து
சரிபார்க்கக் கொடுத்தேன்.
தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா:
"சேர், அது கடல்."

கணக்கை மூட என் மென்பொருளில் மூன்றே காரணம்:
செலுத்தி முடிந்தது, தள்ளுபடி, இரட்டைப் பதிவு.
நாலாவதைச் சேர்க்க ஐந்து நிமிடம்.
திரையில் அது மற்றச் சொற்களைப் போலவே இருந்தது.

"மூடினது திரும்பத் திறக்குமோ?"
திறக்காது, கணக்காய்வு விதி என்றேன்.
"அப்ப இது எங்களுக்குச் சரிவராது."

ஏழாம் பேரேட்டை விரித்தா.
திருக்கடலூர் கனகசூரியம்.
'க' போட்டு, பிளேட்டால் சுரண்டி
தாள் மெலிந்த இடம்.
என்ஜின் பழுதாகி ஐம்பத்தாறு நாள்,
அந்தமான் பக்கம் ஆரோ ஏற்றிவிட்டார்களாம்.
வந்து மூன்றாம் நாள்
இரண்டு கட்டி ஐஸ் கேட்டு நின்றாராம், கடனுக்கு.
"பழைய பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு.
திரும்ப எழுதினனான். சண்டையும் பிடிச்சவர்."
சிரித்தா.
அந்த நாலு கிழமையில் அந்த ஒரு தரம்.

இரவு விடுதியிலிருந்து எழுதினேன்:
மூடிய காரணம் 'கடல்' எனில், மீளத் திற.
பாக்கி மாறாது.
கால எல்லை இல்லை.
நேரத்தாளில் 'தேவை அறிதல், இரண்டு மணி' என்று போட்டேன்.
ஒரு மணியாக வெட்டினார்கள்.

இப்போது மூன்றாம் வருடம்.
பராமரிப்புக்கு மாதமொருக்கா பஸ் ஏறுகிறேன்.
பயன்பாட்டு அறிக்கையில்
அந்தப் பொத்தானுக்கு நேரே எப்போதும் பூச்சியம்.
பாவிக்காததை நீக்கிவிடலாமே,
இடமும் வேகமும் மிச்சம் என்று
கொழும்பிலிருந்து மின்னஞ்சல்.
ஒரு படிவமும் இணைத்திருக்கிறார்கள்.

யோகமலரிடம் காட்டவில்லை.
'பாவனையில் உள்ளது' என்று குறித்தேன்.
பாவனையாளர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
நாற்பத்துமூன்று.