புத்தகத்தில் இல்லாத பக்கம்

படிவத்தின் ஏழாவது கட்டம்: கட்டடப் பாணி.
காலை ஒன்பதுக்கே எழுதிவிட்டேன், ‘இத்தாலிய’ என்று.
சந்தேகப்பட என்ன இருக்கிறது?
மும்மூன்றாய் வில்வளைவுச் சன்னல்கள்,
கூரை விளிம்பைத் தோளில் சுமக்கும் மரத் தாங்கிகள்,
உச்சியில் ஒரு சதுரக் கோபுரம்,
பினாங்குக் கடலில் ஏதோ கப்பலைத்
தவறவிட்ட முகத்தோடு.

இதைக் கட்டியவர் யாரும் இத்தாலியைப் பார்த்ததில்லை.
கோ பெங் சுவான், ஈய வியாபாரி,
கப்பலில் வந்த மாதிரிப் புத்தகத்தில்
நாற்பத்தோராம் பக்கத்தைத் தட்டி
“இது” என்றாராம்.
அந்தப் பக்கம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது,
பூச்சி அரித்து, கண்ணாடிக்குள்.
வீடு முகம் காட்டுகிறது, விலாவும் கொஞ்சம்.
முதுகு இல்லை.

சியூ லிங் நாடாவின் முனையைப் பிடித்தாள்.
முன்சுவர், பதினெட்டு மீட்டர் இருபது.
காரை உதிர்ந்த இடத்தில் செங்கல்,
ஒன்றில் நாயின் கால், நான்கு விரலும் துல்லியமாய்.
ஈரம் காயுமுன் ஓடியிருக்கிறது.
சூளைக்காரன் கல்லெறிந்திருப்பான்.

பிறகு பின்பக்கம்.
அதைப் பற்றிக் கூலிக் கணக்கில் ஒரே வரி:
‘கொத்தன் வீரபத்திரன், இருபத்திரண்டு ஆள்,
பின்சுவர், படம் கிடையாது.’

படம் கிடையாத அறுபது அடி!
செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று உருவிக்
காற்றுக்கு வழி விட்டிருக்கிறான்.
சமையற்கட்டுக்கு மேலே,
கோயில் விமானத்திலிருந்து இறங்கி வந்ததுபோல்
வளைந்த கொடுங்கை,
அதன்மேல் வரிசையாய்க் கூடுகள்.
ஆறு கூடுகள் காலி.
ஏழாவதில் ஒரு முகம்:
தொப்பி, கிருதா, அகலத் திறந்த வாய்.
மேற்பார்வைத் துரையாக இருக்க வேண்டும்.
சாமிக்கு இடம் இருந்தும்
இவரை வைத்திருக்கிறான் பாருங்கள்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.
அப்போதுதான் புரிந்தது அந்த வாய் எதற்கென்று:
கூரைத் தண்ணீர் முழுதும் துரை வழியாக
கொட்டோ கொட்டென்று சாக்கடைக்கு.
“நூற்றிருபது வருஷமாய்த் திட்டுகிறார்” என்றாள் சியூ லிங்,
சிரிப்பில் நாடாவை நழுவவிட்டு.

கொடுங்கையடியில் நின்றோம். ஒரு துளி படவில்லை.
முன்பக்கம், நாற்பத்தோராம் பக்கத்துக் கோபுரத்துக்குள்
வாளியில் ஒழுகும் சத்தம்,
டொக், டொக்.

ஏழாவது கட்டத்தை எடுத்துப் பார்த்தேன்.
ஒரு சொல்லுக்குத்தான் இடம், அதுவும் தீர்ந்துவிட்டது.
ஓரத்தில் கிறுக்கினேன்:
பின்பக்கம் திருப்புக.