இடது கால் வேலை

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு
ஒரு நடையில் எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறேன் என்று
ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்.
நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் நூற்றுப் பத்து.
தொப்பூர் இறக்கத்தில் விட்டுவிட்டேன்,
முன்னால் போன டிரெய்லருக்கு
பிரேக் விளக்கு எரியவில்லை.

இருபத்தாறு வருஷம்.
வலது கால் ஓட்டும், இடது கால் மாற்றும்.
தேய்ந்தது மாற்றிய கால்தான்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கினால்
அது என் கால்தான் என்று ஒத்துக்கொள்ள
இருபது நிமிஷம் ஆகிறது.
அதற்குள் தமயந்தி டீயை
இரண்டு முறை சூடு பண்ணிவிடுவாள்.
முடக்கத்தான் தோசை சுட்டுப் பார்த்தாள்.
எண்ணெய் காய்ச்சிப் பார்த்தாள்.
எனக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்.
அங்கே பெயரே சொல்ல வேண்டாம்,
காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பொட்டலம் வரும்:
வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பில் பாதி.
எட்டு மாதம் முழுங்கினேன்.
முட்டி அடங்கியது. வயிறு எரிந்தது.

கிரீஸ் தீர்ந்துபோச்சுண்ணே, என்றான்
மெக்கானிக் புட்டண்ணன்.
டெப்போவில் அதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர்
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
இடைவெளி இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.
எலும்பும் எலும்பும்
டிக்கெட் எடுக்காத இரண்டு பேர் மாதிரி
ஒட்டி உட்கார்ந்திருந்தன.
"கிரீஸ் போட முடியாதா சார்?"
அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கிக்
குப்பைக் கூடையில் போட்டார்.
வேறு எழுதினார்: சாப்பிட்ட பிறகு,
வலி தாங்காத நாளில் மட்டும்.

பிசியோ அறையில் அஸ்மத் இருந்தாள்,
என் மூத்தவளைவிட ரெண்டு வயசு கூட இருக்கலாம்.
"முட்டியை வண்டின்னு நினைக்காதீங்க.
வண்டி ஓட ஓடத் தேயும்.
இது அசையாம வெச்சா மோசமாகும்.
குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது,
கால் அசைஞ்சாதான் அதுக்குச் சாப்பாடு."
துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து
அழுத்தச் சொன்னாள். ஆறு எண்ணச் சொன்னாள்.
மூன்றில் தொடை நடுங்கியது.
அறுபது பேரோடு கணவாய் ஏற்றிய கால்,
ஓர் ஈரிழைத் துண்டை அமுக்க முடியவில்லை.

ஆறு கிலோ குறையுங்க, என்றாள்.
களி ரெண்டு உருண்டை ஒன்றானது.
ஓமலூர் பரோட்டா நின்றது, மனசில்லாமல்.
குத்த வெச்சு உக்காராதீங்க, என்றாள்.

அங்கேதான் சிக்கல்.
டெப்போவில் கழிப்பறை ஏழு.
ஏழிலும் குந்தத்தான் வேண்டும்.
தாழ்ப்பாளைப் பிடித்துத்தான் எழுவேன்,
அந்தத் தாழ்ப்பாளும் இப்போது ஆடுகிறது.
எட்டாவதில் உட்காரும் கோப்பை உண்டு. பூட்டும் உண்டு.
சாவி ஆபீஸ் ஆணியில்,
'அலுவலர்' என்று எழுதிய அட்டையோடு.

கேட்பதற்குப் பத்து நாள் ஆனது எனக்கு.
முட்டி என்று வாய் திறந்தால்
மெடிக்கல் போர்டு என்பார்கள், கேட்டில் நிறுத்துவார்கள்,
பேட்டா போகும்.
சின்னவளுக்கு நர்சிங் காலேஜ்
இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

பதினோராம் நாள் கேட்டேன்.
கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"எதுக்கு?"
கழிப்பறைச் சாவியை எதற்குக் கேட்பார்கள்.
"முட்டி," என்றேன்.

பின்னால் கணக்குக் கட்டும் வரிசையில் ஒரு செருமல்.
திம்மராயன். என்னைவிட ஆறு வயசு சின்னவன்,
படியில் தொற்றி ஏறாமல் தாவி ஏறுகிறவன்.
"முடிச்சிட்டு எங்கிட்ட குடுண்ணே."
அவனுக்குப் பின்னால், யாரையும் பார்க்காமல்,
ஓசூர் வண்டி குப்புராஜ் கையை நீட்டினான்.
அன்று சாவி ஆணிக்குத் திரும்பவில்லை.

வலி போச்சா என்று தமயந்தி கேட்கிறாள்.
போகவில்லை.
இருபது நிமிஷம் பத்தாகியிருக்கிறது,
டீ ஒருமுறைதான் ஆறுகிறது.

சுங்கச்சாவடி வரிசையில் நியூட்ரல் போட்டு
இடது காலை நீட்டித் தொடையை இறுக்குகிறேன்.
மூணு, நாலு.
ஐந்தில் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
கண்டக்டர் விசிலும் வந்துவிட்டது.
ஆறையும் எண்ணிவிட்டுத்தான்
கிளட்சை மிதிக்கிறேன்.